எஃப் ஒன் அக்காவின் உறவுக் கட்டம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்த அலுவலகத்தின் வாசல் காவலாளி உதட்டைப் பிதுக்குவார். "எஃப் ஒன் அக்கா" என்று கேட்டால் போதும். மூன்றாவது மாடி, தண்ணீர் இயந்திரத்துக்கு எதிர் மேஜை என்று கையைக் காட்டிவிடுவார்.

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. இருபத்திரண்டு வருடமாக அக்கா அங்கே செய்வது ஒரே வேலைதான். நோயாளியைச் சேர்க்கும் திரையில் பெயர், வயது, முகவரி என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஏதோ ஒரு கட்டத்தில் வந்து நின்று, என்ன போடுவது என்று தெரியாமல் ஒருவர் முழிக்கிறார். விசைப்பலகையின் மேல் வரிசையில் இருக்கும் எஃப் ஒன் விசையைத் தட்டுகிறார். உடனே பக்கத்தில் ஒரு சின்னச் சன்னல் திறந்து, அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் இரண்டு மூன்று வரி சொல்கிறது. முந்நூறு பக்கப் புத்தகத்தைக் கையில் திணித்து "நீயே தேடிக்கொள்" என்று நழுவிவிடாமல், எங்கே கால் இடறியதோ அங்கேயே வந்து கை கொடுக்கிறது. அந்தக் கை அக்காவுடையது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. அவள் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால்தான் சரியான சன்னல் திறக்கும். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது எண்கள். தன் கல்யாண நாளை மறந்து புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள், தூக்கத்தில் எழுப்பி "டிஸ்சார்ஜ் தேதி?" என்று கேட்டாலும் "மூவாயிரத்துப் பதினேழு" என்பாள்.

இந்த வேலையை அவள் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. அவளுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது ஒரு தொலைபேசி. தொலைபேசியின் மறுமுனையில் இருந்தது அவளுடைய நாத்தனார்.

அக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய ஒரே தங்கைக்கு வீட்டில் பெயர் குட்டி. நாற்பத்து நான்கு வயதாகிறது, இன்னும் குட்டிதான். ஆஸ்பத்திரியிலோ அவள் பெரிய மேடம். நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளைச் சேர்க்கும் பிரிவின் தலைவி. பிரிவின் தலைவிக்கென்று தனி அறை இருந்தும் அதில் உட்காராமல், மூன்றாம் கவுண்டரில் மற்றவர்களோடு ஒருத்தியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவள். மூக்கு நுனியில் கோபம், நாக்கு நுனியில் கேலி, இரண்டுக்கும் நடுவில் தங்கமான மனசு.

அந்த ஆஸ்பத்திரியில் முதன்முதலில் கணினி வந்தபோது குட்டிக்கும் கணினிக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அக்காவுக்கு போன் வரும்.

"அண்ணி, இங்க 'ஒவ்வாமை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழவைப் போடறது?"

"எந்த மருந்து, எந்தச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு கேளு. அதைப் போடு. எதுவும் இல்லன்னா 'இல்லை'ன்னு போடு. சும்மா மட்டும் விட்டுடாதே."

"இதை அந்த ஸ்கிரீன்லயே எழுதி வச்சா என்னவாம்? உங்க கம்பெனிக்காரனுக்குக் கை வலிக்குமா?"

அக்கா அன்றைக்கே எழுதினாள். குட்டி கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்தான் குறிப்பு. கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் அழுதுகொண்டு நிற்பார், இந்தப் பக்கம் குட்டியின் ஒரு கையில் ரசீது இருக்கும், இன்னொரு கை விசைப்பலகையில் இருக்கும். அந்த அவசரத்தில் படிக்க மூன்று வரிக்கு மேல் ஆகாது. குட்டிக்குப் புரிந்தால் உலகத்துக்கே புரியும் என்பது அக்காவின் கணக்கு. ஆயிரத்து நூற்று நாற்பது குறிப்புகளும் அப்படித்தான் பிறந்தன.

பிறகு ஒரு நாள் போன் நின்றது.

நான்கு வருடத்துக்கு முன்னால் மாமியாருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அன்றைக்குக் குட்டிக்கு விடுமுறை. புகுந்த வீட்டில் ஏதோ வேலை. மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனவள் அக்கா. கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள், "கூட இருக்கப் போறது நீங்களா? என்ன உறவு?"

"மருமகள்."

அந்தப் பெண் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். கணவர், மனைவி, மகன், மகள், தாய், தந்தை. அதற்குக் கீழே 'மற்றவர்'. அவ்வளவுதான். மருமகளுக்கு அதில் இடம் இல்லை.

"மற்றவர்னு போட்டுடட்டுமா?"

பதினெட்டு வருடம் அந்த அம்மாளுக்குத் தலை பின்னிவிட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, சண்டை போட்டு, சமாதானமான ஒருத்தியைப் பார்த்து மற்றவர் என்றால்? சக்கர நாற்காலியிலிருந்து மாமியார் சொன்னாள், "மகள்னே போடும்மா. இவ எனக்கு மக மாதிரிதான்." அக்காவும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அவள் செய்த குற்றம்.

மறுநாள் வேலைக்கு வந்த குட்டி, திரையில் தன் தாயின் பதிவைத் திறந்தாள். உறவு: மகள். அதற்கு நேரே அண்ணியின் பெயர். பெற்ற மகளின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

வார்டுக்கு வந்து அவள் பேசியது நான்கே வாக்கியம். "என் எடத்தை எடுத்துக்கிட்டீங்க. என் ஆஸ்பத்திரியிலேயே, என் ஸ்கிரீன்லயே. அப்ப நான் யாரு, மற்றவரா? இனிமே உங்களுக்கும் எனக்கும் பேச்சில்ல."

மாமியாரின் முழங்கால் மூன்றே மாதத்தில் சரியாகிவிட்டது. மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடந்தே போய் வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் போகாமல் நின்றது பேச்சு மட்டும்தான். லிஃப்ட் மெக்கானிக் பாவம். "நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட்டைக்கூட எறக்கிடுவேன். உங்க ரெண்டு பேரை எறக்க என்கிட்ட ஸ்பானர் இல்ல" என்பார்.

பட்டியலில் மருமகளைச் சேர்க்கச் சொல்லி அக்கா அலுவலகத்தில் மூன்று தடவை எழுதிக் கேட்டாள். "அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம்" என்று மூன்று தடவையும் ஒரே பதில். பட்டியலில் கை வைக்க அவளுக்கு உரிமை இல்லை. குறிப்பில் இருந்தது. சண்டை நடந்த அந்த வாரமே, உறவுக் கட்டத்தின் குறிப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எண் இரண்டாயிரத்து நாற்பத்திரண்டு.

'பட்டியலில் இல்லாத உறவு வந்தால், எதைப் போடலாம் என்று அவரிடமே கேட்கவும். நீங்களாக மற்றவர் என்று போட வேண்டாம். மகள் என்று போடும்முன், பெற்ற மகள் இருக்கிறாரா என்று கேட்டு, அவர் பெயரை முதலில் எழுதவும்.'

மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. குட்டி அதைப் படித்தாளா, படித்து முகம் சுளித்தாளா, ஒன்றும் தெரியாது. நான்கு வருடம் ஓடிவிட்டது.

இப்படி இருக்கையில்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

சோதித்துப் பார்ப்பதற்காகப் புது வெர்ஷனைப் போன வாரமே அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்தார்கள். சோதனைக் கணினிதான், நல்ல வேளை, நிஜ நோயாளிகள் யாரும் அதில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. உதவிக் குறிப்புகள் எல்லாம் தலைகீழாக வருகின்றன என்று புகார்.

அக்கா ஓடிப்போய்த் திறந்து பார்த்தாள். 'தொழில்' கட்டத்தில் நின்று எஃப் ஒன் தட்டினால், 'இவர் எப்போதும் நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்' என்று வந்தது. 'உறவு' கட்டத்தில் தட்டினாள். 'எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதவும். எத்தனை வருடமாக என்றும் குறிக்கவும். அதை நோயாளியின் அருகில் விடக் கூடாது' என்றது.

நேராக மீசையின் மேஜைக்குப் போனாள். மீசை அந்தத் திரையை எழுதிய புரோகிராமர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கெட்டிக்காரன், அவசரக்காரன்.

"மீசை, அட்மிஷன் ஸ்கிரீன்ல என்னப்பா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையே அக்கா. ரெண்டாவது போன் நம்பருக்கு ஒரு கட்டம் கேட்டாங்க. சொருகினேன்."

"எங்க சொருகினே?"

"முதல் போன் நம்பருக்குக் கீழ. அங்கதானே அழகா இருக்கும்?"

"நம்பர்?"

மீசை மீசையைத் தடவினான். "அது... மிஷினே மேலருந்து வரிசையா போட்டுக்கும்னு விட்டுட்டேன்."

நடுவில் ஒரு கட்டம் நுழைந்ததும் அதற்குக் கீழே இருந்த ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் ஒன்று கூடிவிட்டது. குறிப்புகளின் எண் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. சினிமாக் கொட்டகையில் ஒரு ஆள் நடுவில் புகுந்து, வரிசை முழுவதும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்த கதைதான். ஒவ்வொருவருக்கும் அடுத்தவனுடைய பாப்கார்ன்.

"அடப்பாவி! நம்பருங்கறது கட்டத்துக்கு நான் வச்ச பேருப்பா. வீட்டுக்குப் புதுசா ஒரு குழந்தை வந்தா, இருக்கற பிள்ளைங்க பேரையெல்லாம் மாத்துவியா?"

"தப்புதான் அக்கா. இப்பவே பழைய நம்பரையெல்லாம் ஆணி அடிச்சு உட்கார வச்சிடறேன். புதுசுக்குக் கடைசி நம்பர்."

ஒரே மதியத்தில் சரியாகிற தவறு. ஆனால் அதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தவர். மரியாதையான மனிதர். மரியாதையாகவே தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"மேடம், உங்க உழைப்பை நான் குறைச்சு மதிப்பிடல. ஆனா கட்டத்துக்குக் கட்டம் உதவிங்கறது பழைய காலம். ஒரு கட்டம் சேர்த்தா எல்லாம் குழம்புது. பேசாம எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே புத்தகமாப் போட்டுடலாம். எஃப் ஒன் தட்டினா புத்தகம் திறக்கட்டும். வேணுங்கறவங்க தேடிப் படிச்சுப்பாங்க."

"கவுண்டர்ல நிக்கறவங்களுக்குத் தேட நேரம் இருக்காது சார்."

"இப்ப மட்டும் யார் படிக்கறா?"

மீசை தொண்டையைச் செருமினான். "சார், யார் எப்ப தட்டினாங்கன்னு பதிவு இருக்கு. பெரிய ஆஸ்பத்திரி, மூணாம் கவுண்டர். நாலு வருஷமா அனேகமா தினமும் தட்டியிருக்காங்க. எல்லாம் ஒரே குறிப்புதான். ரெண்டாயிரத்து நாப்பத்திரண்டு."

அக்கா மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் கவுண்டர். ஒரே குறிப்பு. தினமும்.

மேனேஜர் மட்டும் அசையவில்லை. "ஒரே ஆள் ஒரே குறிப்பை நாலு வருஷமாப் படிக்கறாங்கன்னா, இன்னும் புரியலன்னுதானே அர்த்தம்?"

கடைசியில் அவரே ஒரு வழியும் விட்டார். "வியாழக்கிழமை சாயங்காலம் இந்த வெர்ஷனை மூடறோம். ஏற்புப் படிவத்துல அந்தப் பிரிவுத் தலைவர் கையெழுத்து எப்படியும் வேணும். கட்ட உதவி இல்லாம முடியாதுன்னு அவங்களே எழுதிக் கொடுத்தா வச்சுக்கலாம். இல்லன்னா எடுத்துடலாம்."

பிரிவுத் தலைவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வேணா வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் எழுதினது நான். போய் நிக்க வேண்டியதும் நான்தான்."

"குட்டி கடிச்சிடுவா."

"கடிக்கட்டும். ஆஸ்பத்திரிதானே, அங்கயே ஊசி போட்டுப்பேன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கூடத்துக்குள் நுழைந்தபோது வாசலிலேயே நின்று புடவைத் தலைப்பை இரண்டு தடவை சரிசெய்துகொண்டாள். வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மருந்து வாசனை. மூன்றாம் கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு குட்டி. காதோரம் நரைத்திருந்தது. நான்கு வருடத்தில் அதைக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று அக்கா நினைத்தாள்.

"குட்டி..."

குட்டி நிமிர்ந்தாள். ஒரு விநாடி கண் விரிந்தது. பிறகு கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"டோக்கன் எடுத்தீங்களா?"

"நான் ஆபீஸ் விஷயமா..."

"டோக்கன் இல்லாம யாரையும் பார்க்கறதில்ல. அங்க மிஷின் இருக்கு. பச்சை பட்டனை அமுக்குங்க. தெரியலன்னா பக்கத்துல எழுதி ஒட்டியிருக்கு. எழுதறதைப் படிச்சாத்தான் எழுதினவங்களுக்கு மரியாதை."

அக்கா போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அறுபத்தெட்டு வந்தது. மேலே பலகையில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் கவுண்டருக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொண்டுவந்த ஏற்புப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐம்பத்தாறாம் எண்ணுக்கு ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். சக்கர நாற்காலியில் வயதான அம்மாள் ஒருத்தி முனகிக்கொண்டிருந்தாள். குட்டி பெயர் கேட்டாள், வயது கேட்டாள். பிறகு, "நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"மருமகள்."

குட்டியின் இடது கை தானாக மேல் வரிசைக்குப் போய் ஒரு விசையைத் தட்டியது. அவளுடைய மூக்குக் கண்ணாடியில் ஒரு சின்ன வெளிச்சச் சதுரம் தெரிந்தது. அவள் பழைய வெர்ஷனில் வேலை பார்க்கிறாள். அந்தச் சதுரத்துக்குள் என்ன எழுதியிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும்.

"இவங்களுக்குப் பொண்ணு இருக்காங்களா?" என்றாள் குட்டி.

"இருக்காங்க. வெளியூர்ல. நாளைக்குத்தான் வருவாங்க."

"அவங்க பேரைச் சொல்லுங்க, முதல்ல எழுதிடறேன். அடுத்து உங்க பேர். லிஸ்ட்ல மருமகள்னு இல்லம்மா. மகள்னு போடறேன். உங்களுக்குப் பரவாயில்லையா?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கன்னத்தில் வழிந்ததைக் குட்டி பார்க்காத மாதிரி ரசீதைக் கிழித்தாள்.

அக்காவின் கண்ணுக்கு முன்னால் அந்தக் கூடமே கலங்கியது. நான்கு வருடமாக எத்தனை மருமகள்கள் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றிருப்பார்கள்! ஒருத்தியைக்கூடக் குட்டி மற்றவராக்கவில்லை.

"அறுபத்தெட்டு!"

அக்கா எழுந்து போனாள்.

"பேஷன்ட் பேரு?" என்றாள் குட்டி, திரையைப் பார்த்தபடியே.

"ஒரு பேர் இல்ல. ஆயிரத்து நூத்து நாப்பது பேர்."

"விளையாடற எடமா இது?"

"வியாழக்கிழமையோட எல்லாத்தையும் எடுத்துடப் போறாங்க குட்டி. எஃப் ஒன் தட்டினா இனிமே ஒரு தடிப் புத்தகம்தான் வரும்."

குட்டியின் விரல்கள் நின்றன. திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"இப்ப எதுக்கு எடுக்கணும்? போன வாரமே நீங்கதான் எடுத்துட்டீங்களே!"

"நானா?"

"புது வெர்ஷன்ல அந்தக் கட்டத்துல போய்த் தட்டினேன். என்ன வந்தது தெரியுமா? 'எது ஒத்துக்காது, எத்தனை வருஷமா, கிட்ட விடாதே'ன்னு வந்தது. உறவுன்னு கேட்டா ஒத்துக்காதுன்னு! நாலு வருஷமா அந்த எடத்துல நல்ல வார்த்தை இருந்துச்சு. அதை எடுத்துட்டுக் குத்திக் காட்டறீங்கன்னு நெனச்சேன். அண்ணிக்கு அலுத்துப் போச்சு, இனிமே நான் வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல."

அக்காவுக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தன.

"ஐயோ அசடே! அது அலர்ஜி குறிப்புடி! மீசை நடுவுல ஒரு கட்டத்தைச் சொருகிட்டான். எல்லாம் ஒண்ணு தள்ளிப்போச்சு!"

"யாரு மீசை?"

"எங்க ஆபீஸ் புரோகிராமர். உறவுல போய் அலர்ஜி வந்து உட்கார்ந்துக்கிச்சு, அவ்வளவுதான்."

குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு விரலிடுக்கு வழியாகப் பீறிட்டது. பக்கத்துக் கவுண்டர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய மேடம் சிரித்து அவர்கள் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள்.

"அதை எனக்காகத்தான் எழுதினீங்கன்னு முதல் நாளே தெரியும் அண்ணி. 'அவர் பெயரை முதலில்'னு இருந்துச்சே. போன் பண்ணணும்னு தினமும் நெனப்பேன். வீம்பு விடல. அதான் தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டேன். வீட்டுக்கு வெளிய நின்னு சன்னல் வழியாப் பார்க்கற மாதிரி."

கண்ணாடியின் அடியில், ரசீது நுழைக்கும் அரைச் சாண் இடைவெளி இருந்தது. அதன் வழியாக அக்கா கையை நீட்டினாள். குட்டி அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அறுபத்தொன்பதாம் எண்காரர் பின்னால் நின்று இருமினார்.

"இருங்க சார். இது எமர்ஜென்சி" என்றாள் குட்டி.

படிவத்தை வாங்கி, கையெழுத்துப் போடாமல் மேலும் கீழும் பார்த்தாள். "இதுல 'குறைகள்'னு ஒரு பக்கம் இருக்கே?"

"அதை யாரும் எழுத மாட்டாங்க."

"நான் எழுதுவேன். வேலை வேற, அண்ணி வேற. நாளைக்குக் காலைல ஆள்கிட்டக் குடுத்தனுப்பறேன்."

புதன்கிழமை மதியம் மேனேஜரின் மேஜைக்கு உறை வந்து சேர்ந்தது. அக்காவையும் மீசையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தார். கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, 'கட்டத்துக்குக் கட்டம் உதவி இல்லாமல் இந்த மென்பொருளை எங்கள் பிரிவு ஏற்காது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மேனேஜர் புருவத்தைத் தூக்கினார். "இவ்வளவு உறுதியா எழுதியிருக்காங்க. இவங்களை உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

பொய் சொல்லிவிடலாம். ஆயிரத்து நூற்று நாற்பது குறிப்பும் பிழைத்துவிடும். அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள்.

"என் நாத்தனார் சார்."

மேனேஜர் படிவத்தைக் கீழே வைத்தார். "அப்போ இது சொந்தக்காரங்க சிபாரிசு. இதை வச்சு நான் எப்படி முடிவு எடுக்கறது?"

மீசையின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். ஆனாலும் உண்மையைச் சொன்னதில் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

"அடுத்த பக்கத்தையும் பார்த்துடுங்க சார்" என்றாள்.

மேனேஜர் திருப்பினார். குறைகள் என்ற தலைப்பின் கீழே பக்கம் முழுக்க எழுத்து. சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார்.

"ஒன்று. முகவரிக் குறிப்பில் எழுத்துப் பிழை. ஆறு வருடமாக இருக்கிறது. எழுதியவர் கண்ணைச் சோதித்துக்கொள்ளவும். இரண்டு. 'சேமி' குறிப்பில் 'பயப்பட வேண்டாம்' என்று இருக்கிறது. எங்கள் பிரிவில் யாரும் பயப்படுவதில்லை. எரிச்சல்தான் படுகிறோம். மாற்றவும். மூன்று. படுக்கை எண் குறிப்பு நான்கு வரி. நான்காவது வரியை இதுவரை யாரும் படித்ததில்லை. நான்கு. உறவுப் பட்டியலில் மருமகள், மருமகன், நாத்தனார் யாரும் இல்லை. மனிதர்களுக்கு எத்தனை சொந்தம் இருக்கும் என்று உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை..."

படிக்கப் படிக்க அவர் உதட்டோரம் துடித்தது. ஏழாவது குறையில் மீசை கொல்லென்று சிரித்துவிட்டான். ஒன்பதாவதில் மேனேஜரே நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"மேடம், நெஜமாவே இவங்க உங்க சொந்தமா? உங்க மேல இவங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

"இப்பக் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு சார்."

"கொறைஞ்சே இப்படியா!" அவர் படிவத்தைத் தட்டினார். "ஒவ்வொரு குறிப்பையும் வரி வரியா படிக்காம இப்படித் திட்ட முடியாது. வேண்டப்பட்டவங்களுக்கு எழுதற சிபாரிசும் இப்படி இருக்காது. யாரும் படிக்கறதில்லன்னு சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கறேன். கட்ட உதவி இருக்கட்டும். மீசை, பட்டியல்ல அந்த உறவுகளைச் சேருங்க. ஆனா மேடம், இந்தக் குறைங்க எல்லாமே நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியாகணும்."

"கடைசில சேர்க்கறேன் சார். நடுவுல சொருக மாட்டேன்" என்று மீசை முந்திக்கொண்டான்.

அக்கா கையைக் குவித்தாள். திரும்பப் போனவளை மேனேஜர் கூப்பிட்டார்.

"இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கி. பதினொன்று. குறிப்பு எழுதுபவர் மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குச் சாப்பிடுவதாக, லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் மூலம் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. இது உடனே சரிசெய்யப்பட வேண்டும்."

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி பத்து நிமிடம்.

"சாப்பிட்டீங்களா மேடம்?"

அக்கா இல்லை என்று தலையசைத்தாள். கண்ணீர் மேஜை மேல் சொட்டியது.

"முதல்ல போய்ப் பதினொண்ணைச் சரி பண்ணுங்க. மத்த பத்தும் அதுக்கு அப்புறம்."

தன் மேஜைக்கு வந்து அவள் டப்பாவைத் திறந்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். மீசை அவர்களை எல்லாம் தள்ளிக்கொண்டு போனான். "ஒண்ணும் இல்ல, போங்க. அக்கா கஸ்டமர் புகாரைப் பார்த்துக்கிட்டிருக்காங்க."